கலைச்சொல் வேண்டும்: ஜொர்னாத்தா

ம. எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் தேவை. ஓவிய மாணவர்களுக்கு இத்தாலியச் சுவரோவியப் பாடம் எடுக்கிறேன். காலையில் வரலாறு, பிற்பகலில் ஆளுக்கொரு ஓட்டில் சாந்து பூசி அவர்களே தீட்டுவது. செய்முறைக் குறிப்பு அச்சுக்குப் போகவேண்டும். சுவரில் அடியில் வரும் சாந்துப் பூச்சான அர்ரிச்சோவுக்குப் 'பரும்பூச்சு', மேலே வரும் இந்தோனாக்கோவுக்கு 'நுண்பூச்சு' என்று போட்டுவிட்டேன். ஜொர்னாத்தாவில் மாட்டிக்கொண்டேன்.

ஈரச் சுண்ணச் சாந்தின்மேல் வெறும் தண்ணீரில் குழைத்த நிறத்தைத் தீட்டுகிறோம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி இறுகும்போது நிறத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பசை வேண்டாம். ஆனால் சாந்து சில மணி நேரம்தான் இடம் கொடுக்கும். ஆகவே அன்றைக்குத் தீட்டி முடிக்கிற அளவுக்கே நுண்பூச்சு பூசுவார்கள். அந்தத் துண்டுதான் ஜொர்னாத்தா. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயக் கூரையில் ஆதாம் படைக்கப்படும் காட்சிக்கு மிக்கேலாஞ்சலோவுக்கு 16 ஜொர்னாத்தா ஆயின. புளோரன்சின் பிரான்காச்சி சிற்றாலயத்தில் மசாச்சோ, ஆதாமும் ஏவாளும் துரத்தப்படும் காட்சியை நான்கில் முடித்திருக்கிறார். 'ஒரு நாளில் தீட்டும் பூச்சுப் பகுதி' என்று எழுதினால் ஒரே பக்கத்தில் ஒன்பது முறை வருகிறது. படிக்க முடியவில்லை.

கோ. எழுதியது:

நாட்பூச்சு. நாட்குறிப்பு, நாட்காட்டி இருக்கும்போது இதற்கென்ன தயக்கம்? மதுரையில் பகலில் கூடியது நாளங்காடி. ஜொர்னாத்தாவுக்கு வேர் ஜோர்னோ, அதுவும் பகல், நாள்தான். பொருத்தம் தானாக அமைகிறது.

வ. எழுதியது:

> நாட்பூச்சு

பூச்சு என்பது தொழிலா, இடமா? 'மூன்றாம் நாட்பூச்சின் விளிம்பு' என்றால் மாணவன் மூன்றாவது கோட்டிங் என்று நினைப்பான். இத்தாலியின் பியெமோன்தே பகுதியில் ஜொர்னாத்தா நில அளவையும்கூட. ஒரு நாள் உழவுக்கான நிலம், ஏறத்தாழ 3,810 சதுர மீட்டர். நம் ஊரிலும் ஏர்க்கணக்கில் நிலம் சொன்னவர்கள்தானே? ஆகவே 'நாட்பாத்தி'. வரப்பு கட்டிய துண்டு கண்முன்னே நிற்கும்.

கோ. எழுதியது:

> நாட்பாத்தி

சுவரில் கீரை விதைக்கப் போகிறோமா?

த. எழுதியது:

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு 'நாளாந்தம்' புழக்கத்தில் உள்ள சொல். நாளாந்தப் பூச்சு என்று வைக்கலாமே?

கோ. எழுதியது:

அது தினமும் பூசுவது என்றாகிவிடும். பல் துலக்குவதுபோல.

சி. எழுதியது:

என் அப்பா கொத்தனார். நேற்றுப் பூசிய சுவரில் சாய்ந்தால் 'பச்சையா இருக்கு, கை வைக்காதே' என்று கத்துவார். இந்த ஈரச்சாந்து ஓவியத்தைக் குறிக்கும் ஃபிரெஸ்கோ என்ற சொல்லுக்கே புதிது, ஈரம் காயாதது என்றுதான் பொருள். அப்படியே நம் பச்சை! பச்சை மண், பச்சைப் புண், பச்சைக் குழந்தை. பச்சைச்சுவர் ஓவியம் என்று தலைச்சொல்லைச் சரிசெய்துவிட்டு, ஜொர்னாத்தாவைப் 'பச்சைத்துண்டு' என்று வையுங்கள்.

வ. எழுதியது:

பச்சைத்துண்டு விவசாயிகள் தோளில் போடுவது. பச்சைச்சுவர் என்றால் பாசி பிடித்த சுவர். 'பச்சையாக வரைந்தார்' என்று எவனாவது தேர்வில் எழுதினால் ஓவியர் மானம் போகும்.

இரா. எழுதியது:

எல்லோரும் அடித்தளத்தை மறந்துவிட்டீர்கள். சுதை! நெடுநல்வாடையில் 'வெள்ளி அன்ன விளங்கும் சுதை உரீஇ' என்று வருகிறது. சற்றுத் தள்ளி, செம்பால் செய்தது போன்ற நெடுஞ்சுவரில் 'உருவப் பல்பூ ஒருகொடி' வளைத்து எழுதியிருக்கிறது. சாந்து, சுவர், ஓவியம் மூன்றும் அடுத்தடுத்து. ஆகவே நாட்சுதை.

கோ. எழுதியது:

சுதை வடசொல். சுதா என்றால் அமிழ்தும் ஆகும், சுண்ணச் சாந்தும் ஆகும்.

இரா. எழுதியது:

நெடுநல்வாடையே ஏற்றுக்கொண்ட சொல்லுக்கு ஐயா அவர்கள் கடவுச்சீட்டு கேட்கிறார். அதே பாட்டில் அரசியைப் 'புனையா ஓவியம் கடுப்ப' என்கிறார் புலவர். வண்ணம் தீட்டாமல் கோட்டோடு நிற்கும் ஓவியம். இத்தாலியர் பரும்பூச்சின்மேல் செங்காவியால் போடும் சினோபியாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? 1944-இல் பீசாவின் காம்போசாந்தோ கல்லறை வளாகம் தீப்பற்றியபின் ஓவியங்களைச் சுவரிலிருந்து பெயர்த்தபோது, அடியில் கிடந்த புனையா ஓவியங்கள் வெளியே வந்தன. இன்று அவற்றுக்கென்றே அங்கே அருங்காட்சியகம் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் 1931-இல் நாயக்கர் பூச்சுக்கு அடியிலிருந்து சோழர் ஓவியம்...

ம. எழுதியது:

தஞ்சைக்குப் போகவேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். புனையா ஓவியத்தை எடுத்துக்கொண்டேன், மிக்க நன்றி. சுதை வேண்டாம். மாணவர்களுக்குச் சுதை என்றால் கோபுரத்துப் பொம்மைதான்.

ஒன்று சொல்லவேண்டும். நேற்று நானே ஒரு ஓட்டில் பூசிப் பார்த்தேன். காலையில் சாந்து நிறத்தைக் குடித்தது, தூரிகை வழுக்கிக்கொண்டு போனது. நாலு மணிக்குமேல் மயிர் இழுத்தது. கன்னத்து நிழலை முடிக்கவில்லை. மிச்சச் சாந்தைக் கரண்டியால் சாய்வாக வெட்டி எறிந்தேன். இன்று காலை அதன் ஓரத்தில் புதுச்சாந்து வைத்தால் நேற்றைய நிறம் வெளுத்திருக்கிறது, இன்றையது கறுத்துத் தெரிகிறது. இரண்டும் காய்ந்து ஒன்றாகும் என்று நம்பித்தான் கலக்கவேண்டும். லியோனார்தோ இந்தக் கெடுவுக்குக் கட்டுப்படாமல், மிலானில் 1495 முதல் 1498 வரை கடைசி விருந்தைக் காய்ந்த சுவரில் நிதானமாகத் தீட்டினார். அவர் உயிரோடு இருக்கும்போதே அது உதிர ஆரம்பித்துவிட்டது. ஆகவே சொல்லில் 'நாள்' இருந்தே ஆகவேண்டும். அதுதான் அந்தத் தொழிலின் கழுத்துக் கத்தி.

வ. எழுதியது:

ஆனால் நாள் அளவு அல்லவே! முகம் ஒன்றுக்கே ஒரு ஜொர்னாத்தா போகும், வெற்று வானம் என்றால் அகல அகலமாக ஓடும். பாத்தியும் அப்படித்தான், இடத்துக்கு இடம் வேறு. மறுபடி சொல்கிறேன், பாத்தி.

த. எழுதியது:

நாட்பூச்சுக்கே என் வாக்கு. களைத்துவிட்டேன்.

இரா. எழுதியது:

நாட்சுதை கிடையாதென்றால் நாட்பூச்சு. மனமில்லாமல்.

ம. எழுதியது:

நாட்பூச்சு என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். முதல்முறை வருமிடத்தில் 'ஜொர்னாத்தா' என்று பக்கத்தில் போட்டிருக்கிறேன். பாத்தியை அடிக்குறிப்பில் சேர்த்தேன், வ. அவர்கள் பொறுத்தருள்க.

சி. எழுதியது:

அச்சானது ஆகட்டும். நான் பச்சை என்றுதான் சொல்லுவேன், எங்கள் தெருவில் எல்லோருக்கும் புரியும். அதிருக்கட்டும், இரண்டு நாட்பூச்சு சேரும் அந்தத் தையலுக்கு என்ன சொல்? எதன் விளிம்பு எதன்மேல் ஏறியிருக்கிறது என்று பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்துத்தானே எது முந்திய நாள் வேலை, எது பிந்தியது என்று கண்டுபிடிக்கிறார்கள்?

வ. எழுதியது:

வரப்பு.

கோ. எழுதியது:

தனி இழையில் தொடங்குங்கள்.