பல்துறை, ஊடுதுறை, துறைத்தொலைவு: தனித்தனி சொல்லு வேணும்

எல்லாருக்கும் வணக்கம்.

இன்டர்டிசிப்ளினரிக்கு, அதாவது ஒரு துறை இன்னொண்ணுக்குள்ள கலந்து செய்யற ஆய்வுக்கு, தமிழ்ல என்னன்னு நம்ம கலைச்சொல் குழுவுல ஆரம்பிச்ச இழை, இப்ப பல்துறை, இடைத்துறை, துறையிடை, பல்துறையிடைன்னு நாலு சொல்லுல வந்து நிக்குது. எந்தச் சொல்லு காதுக்கு நல்லாருக்குன்னுதான் பேசிட்டிருக்கோம், எந்தப் பொருளுக்கு அந்தச் சொல்லுன்னு இன்னும் பிரிச்சுப் பார்க்கல. எனக்கு அதுதான் முதல் வேலைன்னு படுது. பல்துறை ஆய்வுங்கற ஒரே சொல்லை மூணு நாலு வேற வேற விஷயத்துக்குப் போட்டுக்கிட்டு இருக்கோம், அதுல ரொம்ப முக்கியமான ஒண்ணுக்கு, அதாவது சேர்ற துறைகள் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு தள்ளி இருக்குங்கறதுக்கு, நம்மகிட்ட சொல்லே கிடையாது.

சி.டி. ஸ்கேன் கணக்கை எடுத்துக்கோங்க. ஒரு பொருளுக்குள்ள எல்லாத் திசையிலயும் கோடு கோடாப் பார்த்து, ஒவ்வொரு கோட்டுலயும் மொத்தமா எவ்வளவுன்னு மட்டும் தெரிஞ்சுக்கிட்டா, உள்ள ஒவ்வொரு புள்ளியிலயும் எவ்வளவு இருக்குன்னு திரும்பக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும்னு ஆஸ்திரியக் கணிதர் யோஹான் ராடோன் 1917லயே நிரூபிச்சு எழுதிட்டார், அது சுத்தக் கணிதக் கட்டுரை. 1956ல ரொனால்ட் பிரேஸ்வெல் ரேடியோ வானியலுக்காக இதே கணக்கைத் தனியாப் போட்டார், ஏன்னா அவங்க ஆன்டெனா வானத்தைப் பட்டை பட்டையாத்தான் பார்க்கும், அதுலேர்ந்து படம் எடுக்கணும். 1963, 64ல ஆலன் கார்மாக்ங்கற இயற்பியல்காரர் எக்ஸ்ரேக்காக மறுபடியும் முதல்லேர்ந்து போட்டார். ராடோன் எழுதினது அவருக்குப் பல வருஷம் கழிச்சுத்தான் தெரிய வந்துச்சு. 1979ல அவருக்கும், சி.டி. ஸ்கேன் கருவியை உருவாக்கின ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் மருத்துவ நோபல் கிடைச்சது. ஒரே கணக்கு, மூணு துறை, மூணு தடவை.

இதை "பல்துறை ஆய்வு"ன்னு சொல்ல முடியுமா? ஒருத்தரும் இன்னொருத்தரோட சேர்ந்து வேலை செய்யல, ஒருத்தர் கட்டுரையை இன்னொருத்தர் பார்க்கவும் இல்ல. ஆனா இதை விளக்காம துறைகளைச் சேர்க்கிற ஆய்வு ஏன் வேணும்னு யாருக்கும் புரிய வைக்க முடியாது. இங்க பேச வேண்டியது துறைகளோட எண்ணிக்கையே இல்ல, நடுவுல இருந்த தூரம்.

டான் ஸ்வான்சன் பத்தி இங்க சிலருக்குத் தெரிஞ்சிருக்கும். சிகாகோ பல்கலைக்கழகத்துல தகவலியல் பேராசிரியரா இருந்தவர், மருத்துவர் இல்ல. மீன் எண்ணெய் பத்தின கட்டுரைகள் ஒரு பக்கம், அது ரத்தத்தோட பிசுபிசுப்பைக் குறைக்குது, தட்டணுக்கள் ஒட்டிக்கிறதைக் குறைக்குதுன்னு சொல்லுது. இன்னொரு பக்கம் ரேனோ நோய், குளிர் பட்டா விரல் வெளுத்துப் போற நோய், அதுல இதே ரெண்டும் கூடுதலா இருக்குன்னு சொல்ற கட்டுரைகள். ரெண்டு கூட்டமும் ஒண்ணையொண்ணு மேற்கோள் காட்டவே இல்லன்னு பார்த்து, அப்ப மீன் எண்ணெய் இந்த நோய்க்கு உதவலாமேன்னு அவர் 1986ல எழுதினார். ஆய்வகத்துக்கே போகல, நூலகத்துல உட்கார்ந்து படிச்சே கண்டுபிடிச்சது. 1988ல ஒற்றைத் தலைவலிக்கும் மெக்னீசியத்துக்கும் நடுவுல இதே மாதிரி பதினோரு இணைப்பு காட்டினார். எல்லாமே அச்சுல இருந்த விஷயம், யாரும் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் படிக்கல, அவ்வளவுதான். இந்த மாதிரி ஒண்ணோடொண்ணு பேசிக்காத ஆய்வுத் தொகுதிகளுக்கும் ஒரு பேர் வேணும், அதுக்குக் கீழ வர்றேன்.

இப்ப அளவுக்கு வருவோம். ஆய்வோட பன்மையை எப்படி அளக்கறதுன்னு அறிவியல் கொள்கை ஆய்வாளர் ஆண்டி ஸ்டிர்லிங் 2007ல எழுதினதுல மூணாப் பிரிச்சார், வெரைட்டி, பேலன்ஸ், டிஸ்பேரிட்டி. எத்தனை வகை இருக்கு, ஒவ்வொண்ணும் எவ்வளவு பங்கு, அதுங்க தங்களுக்குள்ள எவ்வளவு வேறுபட்டது. இதோட சூத்திரம் நம்ம புள்ளியியலாளர் சி.ஆர். ராவ் 1982ல கொடுத்ததோட நெருங்கின உறவு, அதனால ராவ்-ஸ்டிர்லிங்னு சேர்த்தே சொல்றாங்க. ஒரு கட்டுரையோட மேற்கோள் பட்டியல்லேர்ந்து கண்ணை மூடிட்டு ரெண்டு மேற்கோள் எடுத்தா, அந்த ரெண்டோட துறைகளுக்கு நடுவுல சராசரியா எவ்வளவு தூரம் இருக்கும், இதான் அதோட சாரம்.

சும்மா ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். ஒரு கட்டுரை, அதோட மேற்கோள்ல பாதி இயற்பியல், பாதி வானியல். ரெண்டுக்கும் தூரம் 0.1ன்னு வச்சுப்போம். இன்னொரு கட்டுரையில பாதி வானியல், பாதி பாபிலோனிய ஆப்பெழுத்துப் (களிமண்ணுல ஆப்பு வடிவத்துல அழுத்தி எழுதின பழைய எழுத்து) படிப்பு, தூரம் 0.9. முதல் கட்டுரைக்கு 2 × 0.5 × 0.5 × 0.1 = 0.05. ரெண்டாவதுக்கு 0.45. வகை ரெண்டுலயும் ரெண்டுதான், பங்கும் பாதிக்குப் பாதிதான், ஆனா மதிப்பு ஒன்பது மடங்கு. பல்துறைங்கற சொல்லை மட்டும் வச்சுக்கிட்டா ரெண்டு கட்டுரையும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆப்பெழுத்து உதாரணம் வீம்புக்குச் சொல்லல. வியாழன் 60 நாள்ல எவ்வளவு நகருதுங்கறதை பாபிலோனியர்கள் சரிவகத்தோட பரப்பு வழியாக் கணக்குப் போட்டிருக்காங்கன்னு மாத்யூ ஒசென்டிரைவர் 2016ல களிமண் பலகைகளைப் படிச்சுச் சொன்னார். வேகத்துக்கும் காலத்துக்கும் வரைபடம் போட்டு அதுக்குக் கீழ இருக்கிற பரப்பை எடுக்கற அதே யோசனை. வானியலும் பழைய எழுத்துப் படிப்பும் ஒரே ஆள்கிட்ட இல்லன்னா அந்தப் பலகையில இருக்கறது வெறும் எண் வரிசை.

இனி சொற்கள். இன்டர்டிசிப்ளினரிக்கு ஊடுதுறை, டிஸ்பேரிட்டிக்கு துறைத்தொலைவுன்னு நான் சொன்னதுக்கு இழையில வந்த கேள்விகளை ஒவ்வொண்ணாப் பார்க்கிறேன்.

> டிஸ்பேரிட்டிக்கு ஏற்றத்தாழ்வுன்னு அகராதியிலயே இருக்கே, புதுசா எதுக்கு?

ஐயா, அது வருமானம், சாதி, வாய்ப்பு இதுக்கெல்லாம் பொருந்தும், ஒருத்தர் மேல ஒருத்தர் கீழன்னு பொருள் வந்துடும். வானியல் மேல, எழுத்துப் படிப்பு கீழன்னு இங்க யாரும் சொல்லல. வேற்றுமைன்னு போடலாம்னா இலக்கணத்துல எட்டு வேற்றுமை உட்கார்ந்திருக்கு. வேறுபாடு ரொம்ப பொதுவான சொல்லு, அதை அளவாக் கேக்கும்போது நிக்காது, "வேறுபாடு 0.9"ன்னு எழுதிப் பாருங்க. தொலைவு நிக்கும். அதுக்கு முன்மாதிரியும் இருக்கு, இந்தியப் புள்ளியியலாளர் மகாலனோபிஸ் 1936ல ரெண்டு மக்கள் கூட்டத்தோட உடலளவுகள் எவ்வளவு விலகி இருக்குங்கறதை அளக்கறதுக்குக் கொடுத்த அளவையை மகாலனோபிஸ் தொலைவுன்னுதான் சொல்றோம், ராவ் அந்தத் தொலைவை வச்சு கேம்பிரிட்ஜ்ல பழங்கால எலும்புக்கூடுகளை ஆராய்ஞ்சவர். அதனால டிஸ்பேரிட்டி இந்த இடத்துல துறைத்தொலைவு.

> துறைத்தொலைவுன்னா துறைமுகத்துக்கு எவ்வளவு தூரம்னு கேக்கற மாதிரி இருக்கு

பல்துறைன்னு எழுதும்போது யாரும் பல படகுத்துறைன்னு நினைக்கறதில்ல. நிதித்துறை, கல்வித்துறை, அகத்துறை, புறத்துறைன்னு இத்தனை இடத்துல துறை பழகிப் போச்சு. இது தடங்கல் இல்லன்னு நினைக்கிறேன்.

> பல் + துறை = பஃறுறை தானே வரணும்? பஃறொடை வெண்பா மாதிரி

அம்மா சொல்றது இலக்கணப்படி சரி, அதை நான் மறுக்கல. ஆனா பல்துறை இயல்பாவே பத்திரிகையிலயும் பல்கலைக்கழகத்துலயும் ஊன்றிடுச்சு, பஃறுறைன்னு எழுதினா படிக்கறவங்க அங்கயே நின்னுடுவாங்க. கலைச்சொல்லு வேலை செய்யணும்னா மாணவர் வாயில வரணும். இது ஒண்ணுல வழக்குக்கு விட்டுக்கொடுங்கன்னு கேட்டுக்கறேன்.

> ஊடுதுறை வினைத்தொகையா வாசிச்சா கோவிச்சுக்கிட்ட துறைன்னு ஆகாதா?

ஊடலோட ஊடு வேற, நடுவுல, உள்ளங்கற பொருள்ல வர்ற ஊடு வேற. வரிசைகளுக்கு நடுவுல போடற பயிரை ஊடுபயிர்னுதான் சொல்றோம், ஊடுருவல், ஊடாட்டம், ஊடகம் எல்லாம் அந்தக் குடும்பம். எனக்கு ஊடுதுறை பிடிக்கறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. இடைத்துறைன்னா ரெண்டு துறைக்கு நடுவுல மூணாவதா ஒரு துறை முளைச்ச மாதிரி இருக்கு, உயிர்வேதியியல் மாதிரி. அப்படி முளைக்கறது உண்டு, ஆனா எல்லா தடவையும் இல்ல. ஒரு துறையோட முறை இன்னொண்ணுக்குள்ள போய் அங்க கேள்வியையே மாத்துறதுதான் இன்டர்டிசிப்ளினரியில முக்கியமா நடக்கறது, அதுக்கு ஊடு சரியா உட்காருது. இதே வேர்ல ஸ்வான்சனோட பேசிக்காத கூட்டங்களுக்கும் பேர் கிடைச்சுடும்: ஊடாடாத் தொகுதிகள். ஊடாடும், ஊடாடாதுன்னு வினையாவும் எழுத முடியுது, இடைத்துறையை வச்சு இப்படி எதுவும் பண்ண முடியாது.

பேலன்ஸுக்கு சமநிலை வேண்டாம், இயற்பியல்ல விசைகள் சமமா நிக்கறதுக்கு அது போயிடுச்சு. சமப்பரவல்னு ஒருத்தர் கொடுத்தார், புள்ளியியல்காரங்க உடனே அதை யூனிஃபார்ம் டிஸ்ட்ரிபியூஷன்னு வாசிப்பாங்க. பங்குச்சமன் போதும்னு படுது, பங்கு எவ்வளவு சமமாப் பிரிஞ்சிருக்குங்கறதை அப்படியே சொல்லுது. வெரைட்டிக்கு வகையெண்ணிக்கை, இதுல தகராறு இருக்காது. வகைமைன்னு போட்டா இலக்கியக்காரங்க அதை ஏற்கனவே வேற பொருள்ல வச்சிருக்காங்க.

டிரான்ஸ்டிசிப்ளினரிக்கு துறைகடந்தன்னு இருக்கறதையே வச்சுக்கலாம். 1970ல ஓ.இ.சி.டி. (பொருளாதாரக் கூட்டுறவு, வளர்ச்சி அமைப்பு) பிரான்ஸ்ல நீஸ் நகரத்துல நடத்தின கருத்தரங்குல உளவியலாளர் பியாஜே இந்தச் சொல்லைக் கொண்டு வந்தபோது துறைகளுக்கு நடுவுல நிலையான எல்லைக்கோடே இல்லாத ஒரு நிலையைத்தான் சொன்னார், அதுக்கு கடந்தங்கற சொல்லு பொருத்தம்.

இந்தப் பிரிவினைக்கு நான் இவ்வளவு மல்லுக்கட்டறதுக்குக் காரணம் நம்ம கலைச்சொல் பட்டியல்களே துறை துறையாத்தான் தயாராகுது. இயற்பியலுக்கு ஒரு குழு, உயிரியலுக்கு ஒரு குழு. வெக்டாருக்கு கணிதத்துல திசையன், இலங்கையில காவி, உயிரியல்ல நோயைக் கொண்டு போற கொசுவும் வெக்டார்தான், அதுக்கு நோய்க்கடத்தி, அந்தக் கடத்தியோ இயற்பியலுக்குப் போனா மின்சாரம் கடத்துற செம்புக்கம்பி. இதுல சிலது பொருளே வேறங்கறதால நியாயம்தான். நியாயமே இல்லாத இடமும் இருக்கு. பங்குகளோட வர்க்கங்களைக் கூட்டற ஒரு சின்னச் சூத்திரம், சூழலியல்ல 1949ல எட்வர்ட் சிம்ப்சன் பேர்ல சிம்ப்சன் குறியீடு, பொருளியல்ல சந்தையில எத்தனை நிறுவனம் ஆதிக்கம் பண்ணுதுன்னு பார்க்க ஹெர்ஃபிண்டால்-ஹிர்ஷ்மன் குறியீடு, ரகசியச் செய்தியை உடைக்கிற மறைகுறியீட்டுக்காரங்ககிட்ட இன்னொரு பேர். ஆங்கிலத்துல பேர் பிரிஞ்சது வரலாறு, அதை யாரும் இப்ப மாத்த முடியாது. தமிழ்ல இப்பத்தான் பேர் வைக்கிறோம். மூணு குழுவும் தனித்தனியா உட்கார்ந்து மூணு தமிழ்ப் பேர் வச்சா, சூழலியல் படிக்கற பிள்ளைக்குப் பக்கத்து வகுப்புல அதே சூத்திரம்தான் ஓடுதுன்னு தெரியவே போறதில்ல. இதை நினைச்சா எனக்கு உண்மையாவே வருத்தமா இருக்கு, ஏன்னா கொஞ்சம் பேசி வச்சுக்கிட்டா தவிர்க்கக்கூடியது.

அதனால பட்டியல்ல ஒவ்வொரு சொல்லுக்கும் துறைன்னு ஒரு கட்டம் இருக்கறது போல, "இதே கருத்து வேற துறையில" அப்படின்னு இன்னொரு கட்டம் சேர்க்கணும்னு கேட்டுக்கறேன். சிம்ப்சன் குறியீட்டுப் பதிவுல பொருளியல் பேர் இருக்கணும், அங்கேர்ந்து இங்க இணைப்பும் இருக்கணும். ராடோன் உருமாற்றம்னு கணிதப் பட்டியல்ல போட்டா கதிரியக்கப் படவியல்னு பக்கத்துலயே எழுதணும். வேலை கூடும்தான், ஆனா பதிவு போடற நேரத்துலயே செஞ்சா ஒரு வரி, அப்புறம் செய்யணும்னா ஒருத்தரும் செய்ய மாட்டோம்.

சொற்களைத் திரும்பத் தர்றேன், பக்கம் போடறவங்களுக்கு வசதியா இருக்கட்டும்: மல்டிடிசிப்ளினரி (துறைகள் கலக்காம பக்கத்துல பக்கத்துல நின்னு செய்யறது) பல்துறை, இன்டர்டிசிப்ளினரி ஊடுதுறை, டிரான்ஸ்டிசிப்ளினரி துறைகடந்த, வெரைட்டி வகையெண்ணிக்கை, பேலன்ஸ் பங்குச்சமன், டிஸ்பேரிட்டி துறைத்தொலைவு. டைவர்சிட்டின்னு மூணையும் சேர்த்துச் சொல்றதுக்கு ஆய்வுப்பன்மைன்னு வச்சிருக்கேன், பன்மைக்கு இலக்கணத்துல வேற வேலை இருக்குன்னு தெரியும், பல்வகைமை வேணும்னு யாராவது அழுத்திச் சொன்னா எனக்கு மறுப்பில்ல.

ஒரு இடம் மட்டும் தெளிவில்லாம நிக்குது. சூழலியல்லயும் இதே டிஸ்பேரிட்டி வருது, அங்க அது உயிரினங்களுக்கு நடுவுல இருக்கிற வேறுபாடு, துறைகளுக்கு நடுவுல இல்ல. அப்ப தொலைவை மட்டும் பொதுச்சொல்லா வச்சு முன்னாடி துறை, இனம்னு ஒட்டிக்கலாமா, துறைத்தொலைவு, இனத்தொலைவுன்னு? சூழலியல் படிச்சவங்க குழுவுல ரெண்டு மூணு பேர் இருக்கீங்க, உங்க வகுப்புல இதை எப்படிச் சொல்றீங்கன்னு எழுதுங்க, அதைப் பார்த்துட்டுப் பட்டியல்ல ஏத்தலாம்.