ஆறு வத்துதுன்னாலே வெப்பமயமாதல் தானா?

பழையகல்:
ரைன் நதியில தண்ணி இறங்கி சரக்குக் கப்பல் பாதி லோடோட போகுதுன்னு 2018-லயும் செய்தி, 2022-லயும் செய்தி, உடனே எல்லாரும் வெப்பமயமாதல்னு ஆரம்பிச்சாச்சு. செக் நாட்டுல டெச்சின்கிட்ட எல்பே நதிக்குள்ள ஒரு கல்லு இருக்கு, பசிக்கல்லுன்னு சொல்வாங்க, தண்ணி அடியோட இறங்கினாதான் வெளிய தெரியும். "என்னைப் பார்த்தால் அழு"ன்னு எழுதியிருக்கும், அதுல வெட்டியிருக்குற வருஷங்கள்ல 1616 கூட இருக்கு. அப்ப எந்த அனல்மின் நிலையம் ஓடிச்சு?

நீர்க்கணக்கு:
அந்தக் காலத்துலயும்தான் காய்ச்சல் வந்துச்சு, அதுக்காக இப்ப வர்ற காய்ச்சலுக்கு என்ன காரணம்னு பாக்காம விட்டுருவீங்களா? வறட்சியே புதுசுன்னு யாரு சொன்னா? ரைனுக்கு தண்ணி எப்படி வருதுன்னு பாருங்க. குளிர்ல ஆல்ப்ஸ் மேல விழற பனி அங்கயே கெடந்து, வெயில் ஏற ஏற கொஞ்சங்கொஞ்சமா உருகி கோடை வரைக்கும் வரும், காசு செலவில்லாத அணை அது. இப்ப சூடு கூடிப்போனதால ஒரு பங்கு பனியா விழாம மழையாவே விழுந்து குளிர்காலத்துலயே ஓடிடுது, மிச்ச பனியும் முன்னாடியே கரைஞ்சுடுது. வருஷத்து மொத்தத் தண்ணி பெருசா குறையாம இருந்தாக்கூட ஆகஸ்ட்ல பாத்தா ஆறு காஞ்சு கெடக்கும். சம்பளம் அதேதான், பத்தாந்தேதிக்கே பர்ஸ் காலி, அந்தக் கதை.

பழையகல்:
சரி, இது நியாயம். ஆனா நீங்கல்லாம் படிக்குற நம்பரே தப்பா புரிஞ்சுக்கறீங்க. ஜெர்மனியில ரைன் கரையில இருக்குற கௌப்ன்ற ஊர்ல ஆத்து மட்டம் பாக்குற அளவுகோல் 2018 அக்டோபர்ல 25 செ.மீ. காட்டிச்சு, உடனே நடந்தே தாண்டிடலாம்னு ஒரே மீம். அந்த ஸ்கேலோட பூஜ்யம் ஆத்தோட தரை கெடையாதுங்க! அதுல 77 செ.மீ. காட்டுறப்ப கப்பல் போற பாதையில 1.90 மீட்டர் ஆழம் இருக்கும். அதுபோக மட்டம் வேற, ஓட்டம் வேற. ஆத்தை நேராக்கி, மணல அள்ளி, மேல அணையக் கட்டி வண்டல நிறுத்திட்டா தரை தானா அரிச்சுக் கீழ போயிடும், அப்புறம் அதே தண்ணி ஓடினாலும் மட்டம் கம்மியாதான் காட்டும். இதையும் காலநிலை தலையில கட்டுனா எப்படி?

கரையோரம்:
நடுவுல வர்றேன். ரெண்டு பேருமே போர்வெல்ல மறந்துட்டீங்க. மழையே இல்லாத மாசத்துல ஆத்துல ஓடுதே, அதுல பெரும்பங்கு நிலத்தடி ஊத்து. சுத்தி இருக்குறவங்க எல்லாம் உறிஞ்சினா மொதல்ல நிக்கறது அதுதான்.

பழையகல்:
@கரையோரம் அப்படிப் போடுங்க. மனுஷன் எடுத்துட்டு வானத்தைத் திட்டுறான்.

நீர்க்கணக்கு:
மட்டம் வேற ஓட்டம் வேறன்றது நூத்துக்கு நூறு சரி. அப்ப ஓட்டத்தையே பாப்போம். அமெரிக்காவுல கொலராடோ நதி, 2000-க்கு அப்புறம் ஓட்டம் போன நூற்றாண்டு சராசரிய விட கிட்டத்தட்ட 20% கம்மி. இது பம்பு வச்சும் கால்வாய் வெட்டியும் எடுத்ததையெல்லாம் திரும்பக் கூட்டிப்போட்டு எடுத்த இயற்கை ஓட்டக் கணக்கு, அதனால மனுஷன் எடுத்துட்டான்ற பதில் இங்க செல்லாது. மழை கொறஞ்சதும் ஒரு காரணம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த 20%-ல மூணுல ஒரு பங்குல இருந்து பாதி வரைக்கும் வெறும் சூட்டால போனதுன்னு ஆய்வுகள் சொல்லுது. ஒரு டிகிரி ஏறினா காத்து 7% அளவுக்குக் கூடுதலா ஈரம் புடிக்கும், மண்ணுலயும் செடியிலயும் இருந்து உறிஞ்சிக்கும். வெள்ளையா பனி கெடந்தா வெயில திருப்பி அனுப்பும், அது போயிட்டா தரை சூடாகி இன்னும் ஆவியாகும். காஞ்ச மண்ணு அடுத்த மழைய முதல்ல தான் குடிச்சுட்டுதான் ஆத்துக்கு மிச்சம் விடும்.

கரையோரம்:
அப்ப பனிப்பாறை உருகி தண்ணி கூடுதேன்னு சில பேரு சந்தோஷப்படுறாங்களே?

நீர்க்கணக்கு:
அது பிக்சட் டெபாசிட்ட உடைச்சு செலவு பண்றது. கொஞ்ச வருஷம் ஓட்டம் ஏறும், ஒரு உச்சத்தத் தொடும், பாறை சுருங்கின பின்னாடி இறங்கும். சின்னப் பனிப்பாறைகள நம்பி இருக்குற பல ஆத்துல அந்த உச்சம் ஏற்கனவே முடிஞ்சுடுச்சு.

பழையகல்:
ஆகஸ்ட் கணக்கை ஒத்துக்கறேன், கொலராடோவையும் போய்ப் படிக்கறேன். ஆனா அடுத்த தடவை 25 செ.மீ. மீம் யாராச்சும் போட்டா மறுபடி வருவேன்.