கரும்பொருளா, புதிய ஈர்ப்பு விதியா?

வால்நட்சத்திரம்: கேலக்ஸிகளின் ஓரத்தில் விண்மீன்கள் கணக்குக்கு மீறிய வேகத்தில் சுற்றுகின்றன. காரணம் கரும்பொருள், அதாவது ஒளி தராமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் பொருள், என்கிறார்கள். அதைப் பிடிக்க அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் சுரங்கத்தின் ஆழத்தில் டன் கணக்கில் திரவ செனானை நிரப்பிக் காத்திருந்தும் ஒரு கரும்பொருள் துகள்கூடச் சிக்கவில்லை. புதன் கோளின் பாதை நூற்றாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) பிசகியதற்கு, பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே 1859இல் ‘வல்கன்’ என்றொரு கோள் இருப்பதாகச் சொன்னார். அப்படி ஒரு கோளே இல்லை. மாற வேண்டியிருந்தது நியூட்டனின் ஈர்ப்பு விதிதான்; மாற்றியவர் ஐன்ஸ்டைன்.

அணுத்துகள்: அதே லெவெரியே யுரேனஸ் பிசகியபோதும் கோள் இருக்கிறது என்றுதான் சொன்னார். 1846இல் நெப்டியூன் கிடைத்ததே, அதை வசதியாக விட்டுவிட்டீர்களே!

வால்நட்சத்திரம்: சரி, கரும்பொருளுக்குப் பதில் ஈர்ப்பு விதியையே மாற்றிப் பார்த்த இயற்பியலாளர் மில்குரோமுக்கு வருவோம். முடுக்கம் சுமார் 1.2 × 10⁻¹⁰ மீ/வி²க்குக் கீழே போனால் நியூட்டன் விதி மாறும் என்றார், 1983இல். அந்த ஒற்றை எண்ணை வைத்து நூற்றுக்கும் மேற்பட்ட கேலக்ஸிகளின் சுழற்சியைக் கணக்கிட முடிகிறது.

அணுத்துகள்: கேலக்ஸிக்குள் ஜெயிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது வெறும் சூத்திரம். பேரண்டத்துக்கு மாதிரி போட புலக்கோட்பாடு, அதாவது இடமெங்கும் பரவிய புலங்களைக் கொண்டு ஈர்ப்பை விளக்கும் கோட்பாடு, வேண்டும். அதற்காக இயற்பியலாளர் பெக்கன்ஸ்டைன் 2004இல், ஈர்ப்பைச் சொல்லும் ஐன்ஸ்டைனின் டென்சர் புலத்தோடு ஒரு வெக்டர் (திசை உள்ள), ஒரு ஸ்கேலார் (திசை இல்லாத) புலம் சேர்த்தார். அதில் ஈர்ப்பு அலைக்கு ஒரு வழி, ஒளிக்கு வேறு வழி. 2017 ஆகஸ்ட் 17 அன்று, 13 கோடி ஒளியாண்டு தொலைவில் மோதிய இரு நியூட்ரான் விண்மீன்களின் ஈர்ப்பு அலை வந்து சேர்ந்தது. 1.7 நொடியில் காமாக் கதிரும் வந்துவிட்டது. அந்தக் கோட்பாடு சரியென்றால் இடைவெளி மாதக்கணக்கில் இருந்திருக்கும். அத்தோடு அதன் கதை முடிந்தது.

சும்மா_வந்தவன்: ஒரு சந்தேகம். புலத்தைச் சேர்த்துக்கொண்டே போனால் எதற்கும் பொருத்திவிடலாமே? இது கோட்பாடா, தையல் வேலையா?

வால்நட்சத்திரம்: ஒவ்வொரு கேலக்ஸிக்கும் தனித்தனியாக அளவெடுத்து, அதைச் சூழக் கரும்பொருள் உறை தைக்கிறார்களே, அதை என்னவென்பீர்கள்? அப்புறம், முடிந்தது அந்த ஒரு கோட்பாட்டின் கதை மட்டும்தான். இயற்பியலாளர்கள் ஸ்கோர்டிஸும் ஸ்லோஸ்னிக்கும் 2021இல் வெளியிட்ட புதிய கோட்பாட்டில் ஈர்ப்பு அலைக்கும் ஒளிக்கும் ஒரே வேகம். பேரண்டத்தின் தொடக்க காலத்திலிருந்து மிஞ்சிய ஒளியான நுண்ணலைப் பின்னணியும் பொருந்துகிறது.

அணுத்துகள்: வேகம் தெரிந்த பிறகு அதற்கேற்பக் கட்டியது அது. பின்னணி பொருந்துவது எப்படி? அந்தப் புலம் தொடக்க காலத்தில் அழுத்தமில்லாத தூசி மாதிரி நடந்துகொள்கிறது. கரும்பொருளின் வேலையேதான், பெயர்தான் வேறு. கேலக்ஸிக் கொத்துகளில் மில்குரோமின் விதியைப் போட்ட பிறகும், தெரியும் பொருளைப் போல இன்னொரு மடங்கு தேவைப்படுகிறதே, அதற்கு எந்தப் புலம்?

வால்நட்சத்திரம்: கொத்துகள் இடிக்கத்தான் செய்கின்றன. அங்கே கண்ணில் படாத சாதாரணப் பொருள் இருக்கலாம் என்பது மில்குரோமின் யோசனை.

அணுத்துகள்: கண்ணில் படாத பொருளா? வாங்க, வாங்க!

வால்நட்சத்திரம்: சிரிக்காதீர்கள். அது நமக்குத் தெரிந்த அணுக்களால் ஆனது. புதுத் துகள் எதுவும் கேட்கவில்லை.