இரட்டை இன்ஜின் ஹெலிகாப்டரில் பறந்தவர்கள், வேலை பார்த்தவர்கள் அனுபவத்தைப் பகிரலாம்

கடல்மேடை:
எனக்கு எண்ணெய்த் துரப்பண மேடையில் வேலை. கரைக்கும் மேடைக்கும் போய்வருவது ஏடபிள்யூ139 ஹெலிகாப்டரில். கூடப் பறப்பவர்களிடம் இரண்டு இன்ஜின் எதற்கு என்று கேட்டால், "ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறதே" என்பார்கள். அவ்வளவு எளிதல்ல விஷயம். மேடையிலிருந்து கிளம்பும் அந்தச் சில நொடிகளைக் கவனித்துப் பாருங்கள்.

முதலில் நேராக மேலே எழும்பும். அந்த ஏற்றத்தில் ஒரு இன்ஜின் நின்றால் அதே தளத்தில் திரும்ப இறங்கிவிடலாம். குறித்த உயரம் வந்ததும் பைலட் ஹெலிகாப்டரின் மூக்கைக் கீழே சாய்ப்பார். தளத்தின் விளிம்பு காலடியில் நழுவும், முன்னால் பார்த்தால் முழுக்கக் கடல். புதிதாக வருபவர்கள் இருக்கையை இறுக்கிப் பிடிப்பது இங்கேதான். வேகம் பிடிப்பதற்கான சாய்வு அது. ஹெலிகாப்டருக்கு அந்தரத்தில் அசையாமல் நிற்பதற்குத்தான் சக்தி அதிகம் தேவை. முன்னோக்கி வேகம் வந்துவிட்டால் தேவை நன்றாகக் குறைந்துவிடும், ஒற்றை இன்ஜினே தாங்கும். ஆகவே அந்தக் குறித்த புள்ளிக்கு முன்னால் என்றால் இறங்குவது, பின்னால் என்றால் பறந்தே போவது. எதைச் செய்வதென்று பைலட் கிளம்பும் முன்பே முடிவு செய்து வைத்திருப்பார்.

இந்தக் கணக்கு எடையைப் பொறுத்தது. அதனால்தான் நம்மைப் பையோடு நிறுத்தி எடை போடுகிறார்கள். சூடு அதிகமான நாளில் காற்றின் அடர்த்தி குறைவு, ரோட்டாருக்கும் (தலைக்கு மேலே சுழலும் இறக்கைகள்) இன்ஜினுக்கும் பலம் குறையும். 15 பேர் வரை உட்காரலாம் என்றாலும் ஆட்களைக் குறைப்பார்கள். "இடம் காலியாகத்தானே இருக்கிறது" என்று சண்டை போடுபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். காலி இருக்கை வீண் இல்லை நண்பர்களே, ஒரு இன்ஜினில் கரை சேர்வதற்கான இடைவெளி அது.

சுழலி:
நல்ல இழை. நான் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன், இதே ரக ஹெலிகாப்டர்தான். மேலே சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன்.

இதில் இருப்பவை பிராட் அண்ட் விட்னி கனடாவின் பிடி6சி-67சி இன்ஜின்கள். ஒவ்வொன்றும் தொடர்ந்து 1,531 குதிரைசக்தி தரும். ஒன்று நின்றால் மற்றது இரண்டரை நிமிடத்துக்கு 1,872 வரை போகலாம். எரிபொருளைக் கூட்டுவதை இன்ஜினின் கணினியே பார்த்துக்கொள்ளும். நின்றுபோன இன்ஜின் ரோட்டாரைப் பிடித்து இழுக்காதபடி இடையில் உள்ள கிளட்ச் தானாக விட்டுவிடும். இரண்டுக்கும் நடுவே தீத்தடுப்புச் சுவர் உண்டு.

ஆனால் எனக்கு இன்ஜினைப் பற்றிக் கவலை குறைவு. இன்ஜின் இரண்டு, அவற்றின் சக்தியை ரோட்டாருக்குக் கடத்தும் பல்சக்கரப் பெட்டியான மெயின் கியர்பாக்ஸ் ஒன்றே ஒன்று. வால் ரோட்டாரும் ஒன்றுதான். 2009 மார்ச்சில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கு அருகே கடலில் விழுந்த சிகோர்ஸ்கி எஸ்-92 ஹெலிகாப்டரை நினைத்துப் பாருங்கள். அதுவும் இரட்டை இன்ஜின், இதைவிடப் பெரியது. கியர்பாக்ஸின் எண்ணெய் வடிகட்டிக் கிண்ணத்தைப் பிடித்திருந்த டைட்டானியம் ஸ்டட் (திருகாணி) உடைந்து, எண்ணெய் முழுக்க வெளியேறிவிட்டது. அப்புறம் கடலில் மோதும்வரை கிடைத்தது சுமார் 11 நிமிடம். 18 பேரில் 17 பேர் இறந்துவிட்டார்கள். பழுது இன்ஜினில் இல்லை.

அதனால் கியர்பாக்ஸில் எண்ணெயில் வரும் உலோகத் துகளைப் பிடிக்கும் காந்த முனையைக் கழற்றும்போது நான் யாரோடும் பேசுவதில்லை. வெள்ளைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். சாம்பல் நிறத்தில் குழைவாக ஒட்டியிருந்தால் வழக்கமான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் மினுமினுப்பான செதில் ஒன்று இருந்தாலும் வேலையை நிறுத்திவிட்டு, எந்த உலோகம், எந்தப் பல்சக்கரம், எந்த பேரிங் என்று தேட வேண்டும். அந்த நேரத்தில் பறப்பு தாமதமாகிறது என்று மேலிருந்து நெருக்குவார்கள். ஒரு இடத்தில் அது எல்லை மீறியே போனது. எதற்கும் அசையக் கூடாத இடம் இது.

வால் பகுதியின் பக்கத் தகடுகள் தேன்கூட்டு அடுக்கின்மேல் ஒட்டப்பட்டவை. இந்த ரகத்தில் ஒட்டு விட்டுப்போன பிரச்சினை வந்த பிறகு, சின்னச் சுத்தியலால் தட்டிக் கேட்டுச் சோதிக்கச் சொன்னார்கள். ஒட்டு நன்றாக இருந்தால் 'டக்'கென்று கூர்மையாக ஒலிக்கும், விட்டிருந்தால் மந்தமாக. காதுதான் கருவி!

கடல் மேல் பறந்து வந்தால் இன்ஜினில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரில் உப்புப் படியும், அதையும் கழுவி எடுக்க வேண்டும். அது தனிக் கதை.

முதலுதவி:
நான் செவிலியர், இதே ரகத்தில் நோயாளிகளைக் கொண்டு போகிறேன். வடிவமைப்பில் எனக்குப் பிடித்தது இரண்டு பக்கமும் இருக்கும் அகலமான தள்ளு கதவு. ஸ்ட்ரெச்சரைப் பக்கவாட்டிலேயே ஏற்றிவிடலாம், வால் ரோட்டார் பக்கம் யாரும் போக வேண்டியதில்லை. கேபின் சுமார் 8 கன மீட்டர், நோயாளியின் தலைமாட்டிலும் ஆள் உட்காரலாம்.

மேலே போனதும் ஸ்டெதஸ்கோப் பயன்படாது, ஒன்றும் கேட்காது. மார்பு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்து, கையை வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து இதழ் ரோட்டார் என்பதால் அதிர்வு பழைய இரண்டு இதழ் ஹெலிகாப்டரைவிடப் பரவாயில்லை. ஆனாலும் ரத்த அழுத்தக் கருவி தடுமாறும் நேரமுண்டு. நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்த நோயாளி என்றால் உயரம் கூடக் கூட அந்தக் காற்று விரியும். மருத்துவர் முன்பே அதை வெளியேற்றியிருக்க வேண்டும், முடிந்தவரை தாழ்வாகப் பறக்கவும் பைலட்டிடம் கேட்போம். மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டிய வேகம் கைகொடுக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் கிளம்பும் முன் நோயாளியைச் சரியாகத் தயார் செய்யும் நேரத்தில் மட்டும் அவசரம் காட்டக் கூடாது.

புதியவன்:
அடுத்த மாதம் முதல்முறை மேடைக்குப் போகிறேன். கடலில் இறங்க வேண்டி வந்தால் மிதக்குமா?

கடல்மேடை:
மிதவைப் பைகள் உண்டு தம்பி. 2010 ஜூலையில் ஹாங்காங் துறைமுகத்தில் ஒரு ஏடபிள்யூ139-க்கு வால் ரோட்டார் போய், தண்ணீரில் இறக்கினார்கள். 13 பேரும் பிழைத்தார்கள். ஆனால் அலை பெரிதாக இருந்தால் கவிழும், ஏனென்றால் இன்ஜினும் கியர்பாக்ஸும் தலைக்கு மேலே இருக்கின்றன. அதற்காகத்தான் தண்ணீருக்குள் கவிழ்த்துப் பயிற்சி கொடுப்பார்கள். ஒரு கையால் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொள், பிடியைத் தளர்த்தாதே. கவிழ்ந்த பிறகு மேல் எது, கீழ் எது என்று தெரியாது, அந்தக் கைதான் வழிகாட்டும். அசைவு நிற்கும்வரை பெல்ட்டைக் கழற்றாதே, முதலில் ஜன்னலைத் தள்ளு. ஏறி உட்கார்ந்ததும் உன் ஜன்னலை எப்படித் திறப்பது என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள். சந்தேகம் இருந்தால் கதவு மூடும் முன் கேட்டுவிடு.