சுவரொட்டியோடு வந்த வெள்ளைக் கட்டியை என்ன செய்வது?
வணக்கம். நாங்கள் சேலம் அம்மாப்பேட்டை. இன்று காலை கறிக்கடையில் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் (மண்ணீரல்) கேட்டேன். கடைக்கார அண்ணன் இளங்குட்டி அறுத்திருந்தார். "இதையும் எடுத்துட்டுப் போங்கக்கா, காசு வேண்டாம்" என்று வெளிறிப்போன, மெதுமெதுவென்ற ஒரு கட்டியையும் பொட்டலத்தில் போட்டுவிட்டார். கழுத்துக்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே இருப்பதாம்.

தைமஸ் சுரப்பி என்கிறாள் மகள். குட்டியில்தான் பெரிதாக இருக்கும், வளர வளரச் சுருங்கிவிடும். பிரான்சில் இதற்குத் தனி மவுசு. குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, லேசாக வேகவிட்டு, மேல்சவ்வை உரித்து, வெண்ணெயில் முறுகலாக வறுப்பார்களாம்.

வெண்ணெய்க்கெல்லாம் நம் வீட்டில் ஆள் இல்லை. சுவரொட்டியைச் சின்ன வெங்காயம், மிளகு, சீரகம் போட்டு நிமிடத்தில் இறக்கிவிடுவேன். குடலென்றால் மஞ்சள் போட்டு அலசி, குக்கரில் 6 விசில். இது எந்தக் கணக்கில் வரும்? சவ்வை உரிக்காவிட்டால் ரப்பர் மாதிரி இழுக்குமா? மிளகு வறுவல் சரிப்படுமா, குழம்பில் போட்டால் கரைந்துவிடுமா?

அப்புறம், நம் பக்கம் இதற்கு என்ன பெயர்? அண்ணனைக் கேட்டால் "கட்டிதான்க்கா" என்று சிரிக்கிறார். ஃபிரிட்ஜில் உப்புத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது. நாளை மதியச் சமையலுக்குள் யாராவது சொல்லுங்கள்.