விர்ச்சுவல்பாக்ஸில் உபுண்டு திரை 800×600-ஐத் தாண்டவில்லை, உதவுங்கள்

வளவு வீட்டுப் பெண் (காரைக்குடி):
வணக்கம். விண்டோஸ் லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் 7 (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்), அதற்குள் உபுண்டு 22.04 லினக்ஸ். திரை 800×600-லேயே நிற்கிறது. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அதைவிடப் பெரிய அளவே வரவில்லை.

கானாடுகாத்தானில் எங்கள் ஐயா வீட்டு இரண்டாம் கட்டில் ஆத்தங்குடிக் கல் (பூப்போட்ட தரை ஓடு) பல இடங்களில் உடைந்துவிட்டது. அந்தப் பூ இப்போது போடுகிற டிசைன்களில் இல்லை. அதனால் கல்லைப் போட்டோ எடுத்து, இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் அதன்மேல் கோடு இழுத்து, அச்சு செய்யக் கொடுக்கப்போகிறேன். ஆனால் திரையில் பாதிப் பூதான் தெரிகிறது. பெட்டி திறந்தால் ஓகே பட்டன் கீழே மறைந்துவிடுகிறது. ஸ்கேல்டு மோடில் பெரிதாக்கினால் கோடெல்லாம் மங்கிப்போகிறது.

திரை அளவைச் சரிசெய்யும் டிரைவர்கள் உள்ள கெஸ்ட் அடிஷன்ஸ் சிடியை ஓட்டினேன், கர்னல் ஹெடர்ஸ் (லினக்ஸுக்குள் டிரைவரை உருவாக்கத் தேவையான கோப்புகள்) இல்லை என்று நின்றுவிட்டது. கிராபிக்ஸ் கன்ட்ரோலர் (திரை அட்டையின் வகை) விபாக்ஸ்எஸ்விஜிஏ என்று இருக்கிறது. மாற்றப் போனால் அந்த இடமே சாம்பல் நிறமாக இருக்கிறது.

தேவகோட்டைத் தம்பி:
அக்கா, வீடியோ மெமரியை 128 எம்பி ஆக்குங்கள், சரியாகிவிடும்.

பள்ளத்தூரான்:
தம்பி, மெமரி கூட்டினால் கெடுதலில்லை, ஆனால் காரணம் அதுவாக இருக்காது. ஒரு புள்ளிக்கு 4 பைட் வைத்தால் 1920×1080 திரைக்கே ஏறக்குறைய 8 எம்பிதான் ஆகிறது. 16 எம்பியே தாங்கும்.

அம்மா, சாம்பல் நிறம் என்கிறீர்களே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் எப்படி மூடுகிறீர்கள்?

வளவு வீட்டுப் பெண்:
அண்ணே, சேவ் மெஷின் ஸ்டேட் கொடுத்துத்தான். விட்ட இடத்திலேயே மறுநாள் திறக்கிறதே. ஷட்டவுன் செய்து மாதக்கணக்காகிறது.

பள்ளத்தூரான்:
அதுதான். சேவ் செய்த மெஷின் அணையவில்லை, தூங்குகிறது. அந்த நிலையில் கன்ட்ரோலர் போன்றவற்றை மாற்ற விடாது. எழுப்பி, உபுண்டுவுக்குள்ளேயே பவர் ஆஃப் கொடுங்கள். அப்புறம் செட்டிங்ஸ், டிஸ்ப்ளே போய் விஎம்எஸ்விஜிஏ வையுங்கள். லினக்ஸ் கெஸ்டுக்கு, அதாவது உள்ளே ஓடும் சிஸ்டத்துக்கு, அதுதான் ஏற்றது. விபாக்ஸ்எஸ்விஜிஏ விண்டோஸ் கெஸ்டுக்கானது.

திரும்ப ஆன் செய்து, டெர்மினலில் ஆப்ட் (மென்பொருள் நிறுவும் கட்டளை) வழியாக ஜிசிசி, மேக், பெர்ல் என்ற கருவிகள் மூன்றையும், இப்போது ஓடும் கர்னலுக்கான லினக்ஸ் ஹெடர்ஸையும் போடுங்கள். பதிப்பு எண்ணை யூநேம் மைனஸ் ஆர் (uname -r) என்ற கட்டளை காட்டும். ஒரு எண் பிசகினாலும் முன்பு வந்த அதே தவறுதான் வரும், நிதானமாகப் பாருங்கள். பிறகு அடிஷன்ஸ் சிடியை மறுபடி ஓட்டி ரீபூட் செய்யுங்கள்.

வளவு வீட்டுப் பெண்:
அண்ணே, எல்லாம் செய்தேன். இந்த முறை தவறு எதுவும் வரவில்லை. ஆனால் ரீபூட்டுக்குப் பிறகும் ஜன்னலை இழுத்தால் சுற்றிலும் கறுப்புதான் வருகிறது, உள்ளே படம் அசையவில்லை.

தேவகோட்டைத் தம்பி:
அக்கா, மேலே வியூ மெனுவில் ஆட்டோ ரீசைஸ் கெஸ்ட் டிஸ்ப்ளே டிக் ஆகியிருக்கிறதா?

வளவு வீட்டுப் பெண்:
இல்லை தம்பி! டிக் செய்ததும் ஒரு நொடி கறுத்து, திரை முழுக்க விரிந்துவிட்டது. 1920×1080. முழுக் கல்லும், நாலு மூலையில் இருக்கும் கால் பூவும், கலர் பெட்டியும் ஒரே பார்வையில் தெரிகின்றன. நாலு கல் சேர்ந்தால்தான் அந்த மூலைப் பூ முழுசாகும், அதைச் சரிபார்க்கத்தான் இவ்வளவு நாள் தவித்தேன். இருவருக்கும் ரொம்ப நன்றி.

பள்ளத்தூரான்:
சந்தோஷம் அம்மா. இனி கர்னல் அப்டேட் வந்தால், ஹெடர்ஸும் கூடவே வந்ததா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கோடு இழுத்து முடித்ததும் அந்தப் பூவை இங்கேயும் போடுங்கள். எங்கள் பட்டாலையில் அதே கல் கிடக்கிறதா என்று பார்க்கிறேன்.