புதுப்பிப்பு: ஜெயிச்ச எதிர் டீம் ஊர்வலத்துக்குப் போறவங்களுக்கு

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்திலிருந்து திருநெல்வேலி டவுன் வரைக்கும் கோப்பை ஊர்வலம் விட்டால், தோத்த டீம் ரசிகர் எங்கே நிக்கணும்னு முன்னால எழுதியிருந்தேன். என்ன சட்டை போடணும், பாலத்தில் நிக்கலாமா, நெரிசல் வந்தா என்ன செய்யணும்னு அதில் கேட்டிருந்தாங்க. அதுக்குப் பதில்தான் இது.

நம்ம கலர், அவுக கலர் ரெண்டுமே வேண்டாம். சாதா காட்டன் சட்டை போதும். பாலியஸ்டர் ஜெர்சியில் சரவெடிப் பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கிடும்.

வழியில் வர்ற சுலோச்சனா முதலியார் பாலத்தில் நிக்கவே நிக்காதீங்க. 1843இல் திறந்த அழகான பாலம்தான். ஆனா ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர், கீழே தாமிரபரணி. கூட்டம் நெருக்கினா ஒதுங்க இடமே கிடையாது. வண்ணார்பேட்டையில் ஏதாவது தெருமுனையில் நில்லுங்க, முதுகுக்குப் பின்னால் போற வழி திறந்திருக்கணும்.

2025 ஜூன் 4 அன்னிக்கு பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம் வாசல்ல, கோப்பை ஜெயிச்ச கொண்டாட்டத்துக்கு வந்த கூட்டத்தின் நெரிசலில் 11 பேர் செத்துப்போனாங்க. நெரிசலில் மிதிபட்டுச் சாகிறவங்களை விட, நெஞ்சு அமுங்கி மூச்சுவிட முடியாமல் சாகிறவங்கதான் அதிகம். நாலு பக்கமும் ஆள் உரசி, முழங்கையைத் தூக்க முடியலைன்னா உடனே கிளம்பிடணும். முன்கை ரெண்டையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வச்சுக்கோங்க. தள்ளு வரும்போது எதிர்த்து முண்டாதீங்க. அது அடங்குற நொடியில் ஓரம் பார்த்துச் சாய்வாக நகருங்க. செருப்போ போனோ விழுந்தா விழுந்ததுதான், குனியக் கூடாது.

கூட்டத்தில் சிக்னல் போயிடும். சேருற இடத்தை முன்கூட்டியே பேசிக்கோங்க. எவனாவது சிரிச்சுக்கிட்டே அல்வா நீட்டினா, வாங்கித் தின்னுட்டு நடையைக் கட்டுங்க.